கானகியைப் பலி கொடுத்தவள்

செந்தாமரையின் ஆள் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த நேரத்தில் அவள் புங்கமரத்தூர் மகளிர் குழுவின் அரவைக் கொட்டகையில் சாமை அரைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. கொட்டகைக்குள் சிக்னலும் கிடையாது. சாயங்காலம் மெஷினை நிறுத்தி, முகத்திலும் புருவத்திலும் ஒட்டியிருந்த உமித்தூசியைக் கழுவிக்கொண்டு, மேட்டுப் புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து போனைத் திறந்தாள். ஊரில் அந்த ஓர் இடத்தில்தான் டவர் ஒழுங்காகக் கிடைக்கும்.

ஆழிக்கோட்டை திறந்தது. கானகி இல்லை.

திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் நாலு வரி: ‘உங்கள் இணை நீலி, இருள் மந்திரம் கற்பதற்காக உங்களைப் பலியாக அளித்தார். கானகியின் பயணம் இத்துடன் முடிகிறது. புதிய ஆளை உருவாக்க இங்கே தொடவும்.’

ஏதோ கோளாறு என்று நினைத்தாள். மூடித் திறந்தாள். போனையே அணைத்துப் போட்டாள். அதே நாலு வரி. கானகியின் பின்னாலேயே உருண்டு உருண்டு வரும் கரடிக்குட்டி சீனியைத் தேடினாள். அதுவும் இல்லை.

ஆழிக்கோட்டை போனில் ஆடுகிற மாயாஜால விளையாட்டு. ஆளுக்கொரு உருவத்தை உண்டாக்கி, பெயர் வைத்து, காடும் கோட்டையும் சதுப்புமாக விரிந்து கிடக்கும் ஒரு தேசத்தில் அலையலாம். சண்டை போடலாம், மந்திரம் கற்கலாம், நாலு பேரோடு சேர்ந்து குழு அமைக்கலாம். செந்தாமரையின் ஆள் கானகி, காயத்துக்கு மருந்து போடுகிற மருத்துவச்சி. கோகிலவாணியின் ஆள் நீலி, மந்திரக்காரி. திருப்பத்தூரில் கல்லூரி படித்தபோது இருவருக்கும் விடுதியில் ஒரே அறை. முதல் வருஷத்தில் ஒரு மழை நாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இருவரும் ஒன்றாகத்தான் அந்த ஆட்களை உண்டாக்கினார்கள். நீலிக்கு எந்த நிறத்தில் முடி வைப்பது என்று அன்றைக்குச் சண்டைகூட வந்தது.

படிப்பு முடிந்ததும் செந்தாமரை மலைமேல் இருக்கும் புங்கமரத்தூருக்கே திரும்பிவிட்டாள். அப்பா மாதையனுக்குச் சாமைக் காடும் நாலைந்து புளியமரமும் இருந்தன. மகளிர் குழு புதிதாக வைத்த அரவை மெஷினைப் பார்த்துக்கொள்ளப் படித்த பெண் வேண்டும் என்றார்கள். கோகிலவாணி திருப்பத்தூரிலேயே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தாள். மலைக்கும் கீழுக்கும் பஸ் குறைவு. அப்புறம் இருவரும் சந்தித்துக்கொண்டதெல்லாம் ஆழிக்கோட்டையில்தான். கோகிலவாணி கடையிலிருந்து பஸ்ஸில் வீடு திரும்பும் நேரமும், செந்தாமரை புளியமரத்தடிக்கு வரும் நேரமும் ஒன்றாக இருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவள் சண்டை போடுவாள். இவள் மருந்து போடுவாள்.

அந்த விளையாட்டில் இரண்டு பேர் ‘இணை’ ஆகலாம். இணையானவர்களின் தலைக்கு மேல் ஒரு சின்ன விளக்கு எரியும். அதற்கு நம்பிக்கை விளக்கு என்று பெயர். ஒருவருக்கொருவர் உதவினால், பொருள் கொடுத்தால், ஆபத்தில் பக்கத்தில் நின்றால் சுடர் ஏறும். கொஞ்ச நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் மங்கிவிடும். கானகிக்கும் நீலிக்கும் விளக்கு எப்போதும் நின்று எரியும். செங்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாலமுருகன்தான் அவர்கள் குழுவின் தலைவன். “உங்க ரெண்டு பேரு வெளக்குலயே நம்ம கோட்டைக்குக் கரண்டு எடுக்கலாம் போல” என்று கிண்டல் செய்வான்.

அந்த வருஷம் சாமை அறுப்புக்கு முன்னால் ஒருநாள், செந்தாமரை மூலிகை தேடிச் சதுப்புக்குள் வெகுதூரம் போய்விட்டாள். மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. விளிம்பில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். சூனியக் கிணறு பற்றிப் பாலமுருகன் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அங்கே இருள் மந்திரம் கிடைக்கும். அவர்கள் குழுவில் அது தடை செய்யப்பட்ட வித்தை. கற்றவர்களைக் குழுவை விட்டே தள்ளிவிடுவார்கள். ஏன் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

“நீ கேட்டதெல்லாம் தருவேன் மகளே. எந்தக் கோட்டையும் உன் முன்னால் நிற்காது,” என்றாள் கிழவி. “கூலியாக உன் இணையைத் தா. விளக்கு முழுசாக எரிய வேண்டும், அவ்வளவுதான். அவளைக் கேட்க வேண்டியதில்லை.”

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

கருநாகக் கோட்டையில் அவர்கள் குழு திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்த மந்திரம் இருந்தால் ஒரே நாளில் பிடித்துவிடலாம். செந்தாமரையின் விரல் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது உண்மை. அப்புறம் இல்லையை அழுத்திவிட்டு, உடனே கோகிலவாணிக்குப் போன் போட்டாள்.

“ஏய், சூனியக் கிணத்தப் பாத்துட்டேன்டி.”

“இன்னாடி சொல்றே? நெஜமா? எங்க கீது அது?”

செந்தாமரை வழியை ஒன்றுவிடாமல் சொன்னாள். கிழவி கேட்ட கூலியையும் சொன்னாள். அப்புறம் கோகிலவாணி சிரித்தாள்.

“என்னைப் பலி குடுத்துருவியாடி?”

“ச்சீ, வாய்ல நல்லதே வராதா உனக்கு? நாம ரெண்டு பேரும் அந்தப் பக்கமே போகக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“சத்தியம்டி. நீலி கானகி மேல சத்தியம்.”

அதோடு அறுப்பு வந்துவிட்டது. கதிர் அடிப்பும் அரவையுமாகச் செந்தாமரை புளியமரத்துப் பக்கமே போகவில்லை. போதாக்குறைக்கு அம்மா சாந்தம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். எல்லாம் ஓய்ந்து ஒரு சாயங்காலம் விளையாட்டைத் திறந்தபோது, விளக்கு ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. ஆனால் நீலி அங்கேயே காத்துக்கொண்டிருந்தாள். கையில் சீனிக்கு ஒரு குடுவைத் தேன்.

அதற்கப்புறம் வந்த வாரங்களைப் போல ஒரு சந்தோஷத்தைச் செந்தாமரை அதுவரை அனுபவித்ததில்லை. தினமும் ஏதாவது வந்தது. கிடைக்காத மூலிகை, வெள்ளி ஊசி, கரடிக்கு ஒரு குட்டிப் போர்வை. சிக்னல் அறுந்து கானகி நடுக்காட்டில் சிலையாக நின்றுவிட்டால், நீலி பக்கத்திலேயே காவல் நிற்பாள். விளையாடி முடித்ததும் கோகிலவாணி போன் வேறு செய்வாள். “அம்மாவுக்குக் காய்ச்சல் எப்படிக் கீது? சாப்டியா?” என்பாள். கடையில் எத்தனையோ வேலைக்கு நடுவில் இவள் நம்மை மறக்கவில்லையே என்று செந்தாமரைக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அம்மாவிடம்கூடச் சொன்னாள். “கோகிலா மாதிரி ஒருத்தி கூடப் பொறந்திருந்தாக்கூட இப்படி இருக்க மாட்டாம்மா.”

திங்கட்கிழமை விளக்கு முழுசாக எரிந்தது. இருவரும் அதன் கீழே கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள்.

“நாளைக்கு எப்போ வருவே?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“நாளைக்கு அரவை நிறையக் கீது. சாயங்காலந்தான்.”

“சரிடி. மெதுவா வா.”

மறுநாள் செவ்வாய்.

செந்தாமரை வீட்டுக்குப் போனபோது அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். மகள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுவதைப் பார்த்துத் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“இன்னாடி ஆச்சு? யாருக்கு இன்னா?”

“கானகி செத்துட்டாம்மா.”

“யாரு அது? எந்த வூட்டுப் பொண்ணு?”

“போன்ல. என் ஆளு. கோகிலா குடுத்துட்டா.”

சாந்தம்மாளுக்குப் பாதிதான் புரிந்தது. மகளின் முதுகைத் தடவியபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“கோகிலான்னா, காலேஜ் லீவுல நம்ம வூட்டுக்கு வந்து, எங்கையால களி தின்னுட்டு, அம்மா அம்மான்னு சுத்தி வந்தாளே, அவளா?”

“அவதாம்மா.”

அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். களி அடிப்பிடித்துவிட்டிருந்தது.

கோகிலவாணி போனை எடுக்கவில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை, அடுத்த நாளும் இல்லை. பாலமுருகன் எடுத்தான்.

“பாத்தேம்மா. அவளைக் குழுவுல இருந்து தூக்கிட்டேன்,” என்றான். “மெட்ராஸ்ல ஒரு டீம்ல ஆள் எடுக்கிறாங்களாம். ரூம் குடுத்து, சம்பளம் குடுத்து, ஆட வைக்கிறாங்க. இருள் மந்திரம் தெரிஞ்சவங்களத்தான் சேத்துக்கறாங்க. இது உனக்குத் தெரியாதா?”

“தெரியாதுண்ணா.”

“ரெண்டு மாசமாப் பேசிக்கினு இருந்திருக்கா.”

ஞாயிற்றுக்கிழமை செந்தாமரை முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பத்தூருக்கு இறங்கினாள். ஜவுளிக்கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். சேலைப் பிரிவில், ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குப் பட்டுப்புடவையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள் கோகிலவாணி. இவளைப் பார்த்ததும் கை நின்றது. சாப்பாட்டு நேரத்தில் வருகிறேன் என்று சைகை காட்டினாள்.

கடைக்குப் பின்னால் ஒரு ஜூஸ் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கோகிலவாணி இரண்டு சாத்துக்குடி சொன்னாள். செந்தாமரை தம்ளரைத் தொடவில்லை.

“நீ வருவேன்னு தெரியும்,” என்றாள் கோகிலவாணி.

“போன் எடுக்கலையே.”

“எடுத்து இன்னா சொல்றது?”

“ஒருவாட்டி கேட்டிருக்கலாம் இல்ல? உனக்கு இந்த மாதிரி ஒரு வேலை வருது, கானகியைக் குடுன்னு கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?”

“குடுத்திருப்பே. ஒருவேளை மாட்டேன்னு சொல்லியிருந்தா?”

“சொல்லியிருந்தா நீ விட்டுருப்பியா?”

கோகிலவாணி மேஜையைப் பார்த்தாள். “விட்டுருக்க மாட்டேன். அதான் கேக்கல.”

பக்கத்தில் மிக்ஸி ஓடி நின்றது. செந்தாமரை பஸ்ஸில் வரும்போது எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள். திடீரென்று வேறொன்று ஞாபகம் வந்தது.

“சீனிக்குத் தேன் குடுத்தியே. போர்வை, மூலிகை, ஊசி... தெனம் தெனம் வந்து நின்னியே. அதெல்லாம்?”

கோகிலவாணி உறிஞ்சுகுழலால் தம்ளரைக் கலக்கினாள்.

“வெளக்கு மங்கிப்போயிருந்திச்சு இல்ல,” என்றாள் மெதுவாக.

கானகி செத்தபோது அழுததெல்லாம் ஒன்றுமில்லை என்று செந்தாமரைக்கு அப்போது தோன்றியது. அந்த வாரங்களை அவள் எத்தனை முறை மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள். மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டே, சாயங்காலத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். ஆட்டைக் கட்டி வைத்துத் தழை போடுவது போலப் போட்டிருக்கிறாள் கோகிலா.

“அம்மாவுக்குக் காய்ச்சல்னு போன் பண்ணிக் கேட்டியே. அதுவும் வெளக்குக்கா?”

“இல்லடி! ஐயோ, அது நெஜமாத்தான் கேட்டேன்.”

“எது நெஜம், எது வெளக்குக்குன்னு நான் எப்படிடீ பிரிக்கிறது?”

கோகிலவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல தாமர. காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் நின்னு நின்னு காலெல்லாம் நரம்பு பொடைச்சிக்கிச்சு. இங்க இருந்து போகணும். எனக்கு வேற வழி தெரியல. அது கேம்தானே? நீ வேற ஆளு பண்ணிக்கலாம் இல்ல? நானே கூட இருந்து வளத்துக் குடுக்கறேன்.”

செந்தாமரை எழுந்துவிட்டாள். இரண்டு தம்ளருக்கும் சேர்த்துக் காசை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். பின்னாலிருந்து இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும்.

சில நாள் அவள் போனையே எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். மலைமேல் சாயங்காலத்துக்கு வேறு என்ன இருக்கிறது? புதிதாக ஒரு ஆளை உண்டாக்கிக் கன்னி என்று ஏதோ ஒரு பெயர் வைத்தாள். பாலமுருகன் உடனே குழுவில் சேர்த்துக்கொண்டான். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அப்போதுதான் அவன் தனியாக அழைத்து அந்த விஷயத்தைச் சொன்னான்.

“பலியானவங்களுக்கு அந்தக் கிணத்துல ஒரு மந்திரம் கீதும்மா. எதிர்ப்பலின்னு பேரு. கூலி கெடையாது. யாரு உன்னைக் குடுத்தாங்களோ அவங்க ஆளை அடியோட அழிச்சிடலாம். ஒரே ஒருவாட்டிதான்.”

“நீங்கதானேண்ணா இருள் மந்திரம் கத்துக்கக் கூடாதுன்னு ரூல் போட்டீங்க?”

“இது வேற. இது நியாயம். ஆனா ஒண்ணு, அதுக்கு நீ மறுபடியும் அவளோட இணை ஆவணும். வெளக்கு முழுசா எரியணும்.”

“அவ எப்படிண்ணா என்னோட சேருவா?”

“சேருவா பாரு. செலக்‌ஷன்ல கடைசி ரவுண்டுக்கு ஆளுக்கொரு இணையோட வரச் சொல்லியிருக்காங்க. இருள் மந்திரக்காரிய நம்பி எவன் சேருவான்?”

அவன் சொன்னது போலவே நடந்தது. அடுத்த வாரம் திரையில் ஒரு அழைப்பு வந்தது. நீலி உங்களோடு இணைய விரும்புகிறார். கூடவே ஒரு செய்தி: ‘நான் பண்ணது தப்புதான் தாமர. மன்னிக்கச் சொல்லல. மறுபடியும் சேந்து ஆடலாமா? உன்னை விட்டா எனக்கு யாரும் இல்ல.’

நீலியின் முடி இப்போது சாம்பல் நிறத்தில் இருந்தது. இருள் மந்திரம் கற்றால் அப்படி ஆகிவிடும். செந்தாமரை அதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உன்னை விட்டால் யாருமில்லை என்பதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு செலக்‌ஷன்? இப்படித்தான் இனி இவள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் உரித்துப் பார்க்க வேண்டுமா? அந்த எரிச்சலிலேயே ஆம் என்று அழுத்தினாள்.

‘சரிடி. பழசை விடு’ என்று எழுதினாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்றிலிருந்து கன்னி நீலிக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்தாள். மந்திரக்கோலுக்கு ஒரு பச்சைக்கல். குளிர்காட்டில் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. நீலிக்கு அடிபட்டால் முதல் ஆளாக ஓடினாள். வேலை முடிந்ததும் போன் செய்து, “சாப்டியா? கால் வலி எப்படிக் கீது?” என்று கேட்டாள். எல்லாம் கோகிலவாணி செய்ததுதான். எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. விளக்கு மெல்ல மெல்ல ஏறியது. பாலமுருகன் தினமும் விசாரித்தான். “எவ்ளோ ஆச்சும்மா?” குழுவில் மற்றவர்களும் காத்திருந்தார்கள். நீலி விழுகிற நாளில் எல்லோரும் கூடி நின்று பார்ப்பதாகப் பேச்சு.

கோகிலவாணிக்குச் சந்தேகமே வரவில்லை. முதலில் தயங்கித் தயங்கிப் பேசினாள். பிறகு பழையபடி கடைக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

“தாமர, யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்ட மட்டும் சொல்றேன். வூட்டுல மாப்பிள்ளை முடிச்சிட்டாங்க. சொந்தத்துலதான். அந்த ஆளு போன வாரம் கடைக்கே வந்துட்டான். கல்யாணத்துக்கு அப்புறம் வேலையும் வேணாம், போனும் வேணாம்னு சொல்றான். எல்லாருக்கும் முன்னால என் கையில இருந்த போனை வாங்கி டேபிள் மேல போட்டான். நான் ஒண்ணும் பேசாம நின்னேன். எனக்கு பயமா கீதுடி. மெட்ராஸ் கெடைக்கலன்னா அவ்ளோதான் நான்.”

சொல்லிவிட்டு விசும்பினாள்.

செந்தாமரை காதிலிருந்து போனை இறக்கித் திரையைப் பார்த்தாள். விளையாட்டு பின்னால் திறந்தபடியே இருந்தது. கன்னியும் நீலியும் ஒரு பாலத்தின் மேல் நின்றிருந்தார்கள். விளையாட்டுக்குள் இருந்தபடியே பேசினால் அதற்கும் சுடர் ஏறும். விளக்கு முழுசாக எரிந்துகொண்டிருந்தது.

ஆச்சு, என்று மனசு சொன்னது.

ஒருத்தி போனில் அழுகிறாள். அவளோடு ஒரே அறையில் மூன்று வருஷம் படுத்து எழுந்திருக்கிறோம். அவள் அழும்போது நம் கண் முதலில் எங்கே போயிற்று?

“தாமர? இருக்கியா?”

“இருக்கேன். நாளைக்குப் பேசறேன்டி. சிக்னல் போவுது,” என்று சொல்லி வைத்துவிட்டாள். சிக்னல் எங்கேயும் போகவில்லை.

மறுநாள் பாலமுருகனும் மற்றவர்களும் சதுப்பின் ஓரத்தில் கூடி நின்றார்கள். கன்னி மூங்கில் புதரைத் தாண்டிக் கிணற்றுக்குப் போனாள். கிழவி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“வா மகளே. உன்னைக் கொடுத்தவளைக் கேட்டு வந்திருக்கிறாய். விளக்கும் நிறைந்திருக்கிறது. ஒரு சொல் சொல், அவள் இல்லாமல் போவாள்.”

ஆம். இல்லை.

கோகிலவாணி மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், செந்தாமரைக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கோபம் அப்படியேதான் இருந்தது. ஜூஸ் கடையில் ‘வெளக்கு மங்கிப்போயிருந்திச்சு இல்ல’ என்று அவள் சொன்னது காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆம் என்று அழுத்தினால் அந்தச் சத்தம் நிற்கும் என்று தோன்றியது. ஆனால் அழுத்திய பிறகு? நேற்றைக்கு ஆச்சு என்று சொன்ன அந்த மனசோடு காலம் முழுக்க இருக்க வேண்டும். அம்மா கஞ்சி கொடுத்தாலும், வேலையில் கூட இருப்பவள் பூ கொடுத்தாலும், இது எதற்காக என்று அந்த மனசு கேட்கும். நாம் யாருக்காவது கொடுத்தாலும் கேட்கும். கோகிலா தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில் கானகி சின்னது. மிச்சமிருப்பதையும் தானே கொண்டுபோய் இந்தக் கிழவியிடம் கொட்டுவதா?

இல்லை என்று அழுத்தினாள். அடுத்து, இணையை முறிக்கும் பொத்தானைத் தேடி அதையும் அழுத்தினாள். தலைக்கு மேல் எரிந்த விளக்கு பட்டென்று அணைந்தது.

“இன்னாம்மா பண்ணே?” பாலமுருகன் கத்தினான். “கையில வந்ததை விட்டுட்டியே! இவ்ளோ நாள் நாங்க எல்லாரும் உனக்காகத்தானே நின்னோம்?”

“நான் நிக்கச் சொல்லலையேண்ணா.”

“இனிமே உன்னை எப்படிம்மா நம்பறது?” என்றான். இருட்டுவதற்குள் குழுவின் பெயர் வரிசையில் கன்னி இல்லை.

அதற்குள் கோகிலவாணி அழைத்துவிட்டாள்.

“தாமர, இணை அறுந்துபோச்சுடி. தெரியாம அழுத்திட்டியா?”

“தெரிஞ்சுதான் அழுத்தினேன். நான் எதிர்ப்பலிக்காகத்தான் உன்னோட சேந்தேன். கல்லு, கம்பளி, போன் பண்ணது எல்லாம் அதுக்குத்தான். இன்னைக்குக் கிணத்துக்குப் போனேன். பண்ணல. வந்துட்டேன்.”

அந்தப் பக்கம் பஸ் ஹார்ன் கேட்டது. யாரோ டிக்கெட் கேட்டார்கள்.

“நேத்து நான் சொன்னதெல்லாம்...” என்று விசும்பினாள் கோகிலவாணி. “வூட்டுல நடந்ததெல்லாம் சொன்னேனே. அப்பகூடவா?”

“அப்பகூடத்தான்.”

“எப்படிடீ உன்னால முடிஞ்சுது? நான் உன்னை நம்பித்தானே சொன்னேன்?”

ஜூஸ் கடையில் தான் கேட்டதையே கோகிலா இப்போது கேட்கிறாள் என்பது செந்தாமரைக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அழுகை சட்டென்று நின்றது. பஸ் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் ஒத்துக்காதே,” என்றாள் செந்தாமரை கடைசியில். “இத்த நான் வெளக்குக்காகச் சொல்லல. வெளக்கு இப்ப இல்ல.”

“ம்,” என்றாள் கோகிலவாணி. நம்பினாளா என்று தெரியவில்லை. போன் வைக்கப்பட்டது.

அவள் வேறு யாரையோ இணையாகப் பிடித்துக்கொண்டு செலக்‌ஷனுக்குப் போனாள். தேர்வும் ஆகிவிட்டாள். வீட்டில் பெரிய சண்டையாம், அப்பா பேச்சை நிறுத்திவிட்டாராம், ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாளாம். கல்லூரியில் கூடப் படித்த ஒருத்தி சொல்லித்தான் செந்தாமரைக்கு இது தெரிந்தது. கேட்டபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்தது. தன்னைக் கொடுத்து வாங்கினது அவளுக்கு உதவிவிட்டது. அது நல்லதுதான் என்று நினைக்க வேண்டும் போலவும் இருந்தது, நினைக்க முடியாமலும் இருந்தது.

அம்மா ஒருநாள் கேட்டாள். “அந்தப் பொண்ணு இப்போ பேசறதில்லையா?”

“இல்லம்மா.”

“நீயாவது பேசக் கூடாதா?”

“பேசலாம். இன்னா பேசறதுன்னு தெரியல.”

ஆழிக்கோட்டையில் கன்னி இப்போது தனியாக அலைகிறாள். தனியாக இருப்பவர்களால் பெரிய கோட்டைகளுக்குள் போக முடியாது. ஆனால் கடற்கரைப் பக்கம் போகலாம். மீன் பிடிக்கலாம். எப்போதாவது யாராவது இணை அழைப்பு அனுப்புவார்கள். முதலில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண், ‘அக்கா, உங்க கூட மீன் பிடிக்க வரவா? இணை எல்லாம் வேணாம்’ என்று எழுதியிருந்தாள். செந்தாமரை அதை இரண்டு தடவை படித்தாள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் தெரியவில்லை.

‘வா’ என்று எழுதினாள். அந்தப் பெண் வந்ததும், தூண்டிலை எடுத்துக்கொண்டு அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டாள்.